மூட்டை கட்டுமுன் ஒரு கேள்வி



ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாம். லயம் விட்டு லயம், தோட்டம் விட்டுத் தோட்டம், கடைசியில் தோட்டமே வேண்டாமென்று பட்டணம். போய்க்கொண்டே இருக்கிற கூட்டம் நம்முடையது. புறப்படுவதற்கு முந்தின மூன்று நாள் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அம்மிக்கல்லை எடுப்பதா, விடுவதா? சாமிப் படத்தை யார் மடியில் வைத்துக்கொண்டு போவது? கோழிகளை யாருக்குக் கொடுப்பது? கடைக்காரர் கணக்கு எவ்வளவு நிற்கிறது? பிள்ளையின் சூராட் பெரானாக் எந்தப் பெட்டியில் போனது? அடுப்பில் சோறு குழைந்து போகும். வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்திரம் கட்டிக் கொடுப்பாள்.

அந்த அவசரத்தில் "எதை எடுத்துப் போகிறோம்" என்று ஆயிரம் தடவை பார்ப்போம். "எதை விட்டுப் போகிறோம்" என்று ஒரு தடவையாவது பார்ப்போமா? அதைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறேன். அதற்காக, 1873-இல் யாழ்ப்பாணத்தை விட்டு மனைவி மக்களோடு கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார மிஷனரி டாக்டரின் கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நம் பக்கத்துக் கதை ஒன்று. கடைசியில், என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டிய கதையும் ஒன்று வரும்.

துரை புறப்பட்ட கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் என் அப்பா இளந்தாரி. கலும்பாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியதை அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

பத்து நாள் முன்பிருந்தே பங்களாவில் ஒரே அமர்க்களமாம். தச்சர் பலகைப் பெட்டி அடித்துக்கொண்டே இருக்கிறார். ஆயாவும் சமையல்காரரும் பீங்கான் சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள். நாயை யாரிடம் விட்டுப் போவது என்று துரைசானி இரண்டு நாள் அழுதாராம். கடைசி நாள் பெரட்டுக் களத்தில் பந்தல், மாலை, தேத்தண்ணி, பலகாரம். துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டாராம். கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அளவுக் கருவிகளோடு ஆட்கள் வந்தார்கள். தோட்டம் துண்டு துண்டாக விலை போயிற்று. யாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ், யாருக்குச் சம்பள பாக்கி, யார் எந்த வீட்டில் இருக்கலாம் என்று கேட்கப் போனால் எல்லாம் இங்கிலீஷ் பேரேட்டுக்குள் கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்த பெரிய கிராணியும் துரை போன மறுவாரமே போய்விட்டார். துரை கெட்டவர் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்ல மனுஷன்தாண்டா. ஆனா அவரு போன அன்னிக்குத்தான் எங்களுக்கு ஒன்னுமே தெரியாதுன்னு எங்களுக்கே தெரிஞ்சிச்சு" என்பார்.

இது ஒரு தோட்டத்துக் கதை மட்டும் அல்ல. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் புறப்பட்டபோது எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையும் போய், இருந்த லயமும் போய் நம் ஜனங்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தக் காலத்தில்தான், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார். பாட்டாளி வீட்டுப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களை வாங்கின. கையில் பணம் சேர்க்க முடிந்தது. ஆனால் தெரிந்தவன் போய்விட்டால் அவனோடு போய்விடுகிற வித்தையை எப்படிச் சேர்ப்பது? அதற்குத்தான் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

மானிப்பாய்க்கு வந்த டாக்டர்

யாழ்ப்பாணம் நமக்கு அந்நியம் இல்லை. அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் கிராணியாக, ஆஸ்பத்திரி டிரெசராக, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்களில் பல பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்தது இங்கிலீஷ் படிப்பு. அந்தப் படிப்பை அங்கே பெரும்பாலும் பரப்பியவை மிஷன் பள்ளிக்கூடங்கள்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816-இல் காலூன்றியது. அங்கே பண்டத்தரிப்பில் 1820-இல் வைத்தியம் தொடங்கியவர் டாக்டர் ஜான் ஸ்கடர். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேத்திதான்.

நம் கதாநாயகர் அவருக்குப் பின்னால் வந்தவர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் 1822-இல் பிறந்தார். 1845-இல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1847-இல், இன்னும் கல்யாணம் ஆகாத இளைஞராக, பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருஷம் மானிப்பாய். மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து நோயாளிகளைப் பார்த்தார். 1848-லேயே உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கினார்.

அவர் எதற்கு வந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. தன் மதத்தைப் பரப்ப வந்தவர் அவர். அதை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் அதே 1822-இல் பிறந்தவர்தான். கிரீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தத் தொடங்கிய அதே 1848-இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் சிலுவைக்காக, ஒருவர் திருநீற்றுக்காக. கருத்திலே எதிரெதிர்த் துருவம். ஆனாலும் இந்த ஜனங்களுக்கு எதையாவது ஊன்ற வேண்டுமென்றால் தமிழில்தான் ஊன்ற வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள். நாவலருக்கு அது பிறந்த மொழி. கிரீனுக்கு அது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

படித்தவன் பறந்த பாடம்

அது என்ன பாடம்? கிரீன் முதலில் தன் மாணவர்களுக்கு இங்கிலீஷில்தான் வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். பாடப் புத்தகம் எல்லாம் இங்கிலீஷில்தானே இருந்தது! பையன்கள் கெட்டிக்காரர்கள். நன்றாகவே படித்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் என்ன நடந்தது? இங்கிலீஷ் தெரிந்த வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளம். இலங்கையின் வேறு பகுதிகளுக்கு ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்துக் குக்கிராமத்தில் காய்ச்சலில் கிடக்கிற கிழவியைப் பார்க்க யாரும் மிஞ்சவில்லை.

அந்தப் பையன்களைக் குறை சொல்ல முடியுமா? நம் பிள்ளைகளையே பாருங்கள். நாலெழுத்து நன்றாகப் படித்த பிள்ளை தோட்டத்தில் நிற்கிறதா? நிற்க வேண்டுமென்று நாம்தான் ஆசைப்படுகிறோமா? "படிச்சுப் பொழைச்சுக்கோ ராசா" என்று நாமே மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். அது நியாயம். ஆனால் கிரீன் தன்னைத் தானே கேட்டுக்கொண்டார்: போகிறவன் போகட்டும், தங்குகிறவனுக்கு நான் எந்த மொழியில் சொல்லிக் கொடுத்தேன்?

உடல்நலம் குன்றி ஐம்பதுகளின் கடைசியில் அவர் ஒரு தடவை அமெரிக்கா போனார். அங்கே 1862-இல் மார்கரெட் அம்மையாரைக் கல்யாணம் செய்துகொண்டு அதே வருஷம் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864-இல் ஒரு முடிவுக்கு வந்தார். இனி வைத்திய வகுப்பு முழுக்க முழுக்கத் தமிழில்! கிராமத்திலேயே இருந்து, கிராமத்து ஜனங்களுக்கு மருந்து கொடுத்து, அதிலேயே பிழைக்கிற வைத்தியர்கள் வேண்டும் என்றார். மாணவர்கள் தன்னைப் போலக் கால்சட்டை கோட்டு மாட்டுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டி சால்வையோடு இருங்கள், உங்கள் ஜனங்களிடமிருந்து பிரிந்து போகாதீர்கள் என்பது அவர் எண்ணம்.

பெயர் வைத்தார், பெட்டி நிறைத்தார்

தமிழில் சொல்லிக் கொடுக்கத் தமிழில் புத்தகம் வேண்டுமே? அதற்கான வேலையை அவர் 1850-களிலேயே ஆரம்பித்திருந்தார். உடம்பின் கட்டுமானம், அது இயங்கும் விதம், சுகாதாரம் ஆகியவற்றைச் சொல்லும் நூலும், பிரசவ வைத்திய நூலும் 1857-இல் தமிழில் வந்தன. 1867-இல் "இரண வைத்தியம்" வந்தது. ரணம் என்றால் புண். அறுத்து வைத்தியம் செய்யும் சர்ஜரியைத்தான் அப்படிச் சொன்னார்.

புதுச் சொல் உண்டாக்குவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் தமிழில் தேடுவார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவார். அதிலும் அகப்படாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். உடற்கூறு சாஸ்திரத்துக்கு, யாழ்ப்பாணத்து நாட்டு வைத்திய ஏடுகளில் வழங்கிய "அங்காதிபாதம்" என்ற பேரையே எடுத்துக்கொண்டார். உடம்பு இயங்கும் விதத்துக்குச் "சுகரணம்". கெமிஸ்ட்ரிக்குப் பேர் அகப்படவில்லை போலும், "கெமிஸ்தம்" என்று வைத்துவிட்டார்! படித்தால் இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் காரியம் நடந்தது. நாம் டாப்பிங் கத்தியை உளி என்று சொல்லிக்கொண்டு வேலையை நடத்தவில்லையா? புரிகிற பேர்தான் நல்ல பேர்.

இதை எல்லாம் தனியாளாக அவர் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டான்போர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். பேர்தான் வெள்ளைக்காரப் பேர்; ஆட்கள் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷனில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பேர் வைக்கிற வழக்கம் அன்றைக்கு இருந்தது.

கடைசி நாள்கள்

இப்போது புறப்பாட்டுக்கு வருவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் கிரீனுக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. உடம்பு தளர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் வேறு. ஊருக்குத் திரும்பியாக வேண்டும் என்ற நிலை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பெட்டி அடிக்கத் தச்சரைக் கூப்பிடுவோம்.

அவர் செய்ததைப் பாருங்கள். புறப்படுவதற்கு முந்தின வருஷம், 1872-இல், இரண்டு தடித்த புத்தகங்கள் தமிழில் வெளிவந்தன. ஒன்று "மனுஷ அங்காதிபாதம்". ஹென்றி கிரே என்பவர் இங்கிலீஷில் எழுதி 1858-இல் லண்டனில் வந்த புத்தகத்தின் தமிழ் வடிவம் அது. உலகம் முழுவதும் டாக்டர்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அந்த கிரே புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். லண்டனில் வந்த பதினாலே வருஷத்தில் மானிப்பாய்ப் பையன் அதைத் தமிழில் படித்தான்! இன்னொன்று "வைத்தியாகரம்". என்ன நோய், என்ன அடையாளம், என்ன மருந்து என்று சொல்கிற பெரிய புத்தகம்.

மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வைத்தியம் தமிழுக்கு வந்தது. அவரிடம் படித்து வெளிவந்த வைத்தியர்கள் அறுபது பேருக்கு மேல்.

1873-இல் மார்கரெட் அம்மையாரும் பிள்ளைகளும் கூட வர, அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். திரும்பவே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் நோயாளி வந்தால் பார்க்க ஆள் இருந்தது. பார்க்கிற ஆளுக்குச் சந்தேகம் வந்தால் புரட்டப் புத்தகம் இருந்தது. அந்தப் புத்தகம் அவனுடைய தாய்மொழியில் இருந்தது. அப்பாவின் துரை புறப்பட்ட நாளையும் இந்த நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள்தான். ஒருவர் பெட்டி கட்டப் பத்து நாள் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் புறப்படுவதற்கான வேலையை இருபது வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தார்.

கதை அதோடு முடியவில்லை. சொந்த ஊருக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. வூஸ்டரில், சுற்றி ஒரு தமிழ்க் குரல் கேட்காத ஊரில், பதினோரு வருஷம் தமிழ் வைத்திய நூல் வேலையைத் தொடர்ந்தார். 1875-இல் "கெமிஸ்தம்" வந்தது. 1883-இல் "மனுஷ சுகரணம்". 1884-இல் மருந்துச் சரக்குகளைப் பற்றிய "இந்து பதார்த்த சாரம்". அந்த 1884 மே மாதம் 28-ஆம் தேதி கண்ணை மூடினார். தன் கல்லறையில் ஆடம்பரம் வேண்டாம், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று பொறித்தால் போதும் என்பது அவர் விருப்பம். அமெரிக்காவில் இருக்கிற அந்தக் கல்லில் தமிழர் என்ற பேர் இன்றும் இருக்கிறது. மானிப்பாயில் அவர் பேரில் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1870-லேயே கொழும்பில் மருத்துவப் பள்ளி வந்துவிட்டது. அங்கே படிப்பு இங்கிலீஷில். பட்டம், பதவி, சம்பளம் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன. கிரீன் போன பிறகு தமிழ் வழி வைத்தியப் படிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. போகிறவர் எவ்வளவு நன்றாக விட்டுப் போனாலும், தங்குகிறவர்களும் அரசாங்கமும் அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நழுவிவிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு பெட்டி, ஒரு பை

நூற்றொரு வருஷம் கழித்து, 1974-இல், இன்னொரு மிஷனரி தமிழ்நாட்டை விட்டுப் புறப்பட்டார். லெஸ்லி நியூபிகின் என்ற இங்கிலீஷ்காரர். 1936-இல் வந்தவர். மதுரை - இராமநாதபுரத்துக்கும் பிறகு சென்னைக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் விமானம் ஏறவில்லை. அவரும் மனைவி ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை இவற்றோடு, கிடைத்த பஸ்களில் மாறி மாறி ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்! ஏறக்குறைய நாற்பது வருஷ வாழ்க்கை இரண்டு பெட்டிக்குள் அடங்கிற்று. அதிகாரத்தில் இருந்தவர் போகும்போது அவர் பெட்டியின் கனத்தைப் பாருங்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வது சும்மாவா?

என் கதை

இப்போது என் தலையில் குட்டிக்கொள்கிறேன்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கலும்பாங், கெர்லிங் பக்கம் தொழிற்சங்க வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கோலசிலாங்கூர்ப் பக்கம் மாற்றினார்கள். புறப்படுகிற அந்த இரண்டு வாரமும் என் கால் தரையில் படவில்லை. ஒரு நாள் ஒரு தோட்டத்தில் விருந்து. மறுநாள் இன்னொரு தோட்டத்தில் பொன்னாடை. கோயிலில் அர்ச்சனை. "அண்ணன் போயிட்டா எங்களுக்கு யாரு?" என்று அவர்கள் கேட்கும்போது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மனசுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அது பெருமைப்பட வேண்டிய கேள்வியா? வெட்கப்பட வேண்டிய கேள்வி. பத்து வருஷம் வேலை பார்த்தவன் போகும்போது "யாரு?" என்ற கேள்விக்கு ஒரு பேரைச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பத்து வருஷம் நான் என்ன செய்தேன்?

ஆறு வாரம் கழித்து ஒரு அம்மா வேலைக்காட்டில் விழுந்தார். செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும்போது வழுக்கி, மணிக்கட்டு முறிந்துவிட்டது. வேலையில் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். டாக்டர் கொடுக்கிற விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தற்காலிக ஊன உதவித்தொகை கேட்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்! ஆபீசில் விபத்தை எழுதவில்லை. சாட்சி யார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. எந்தப் பாரம், யாரிடம் கொடுப்பது என்று கிளையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. மாதிரிக் கடிதங்கள், விலாசங்கள், பழைய கேஸ் விவரங்கள் எல்லாம் என் தோல்பையில், என் கிறுக்கல் எழுத்தில், கோலசிலாங்கூரில் தூங்கிக்கொண்டிருந்தன.

எனக்குச் சேதி எட்டுவதற்கே மாதங்கள் ஆயின. ஓடிப் போய் அலைந்து அந்தப் பணத்தை வாங்கிக் கொடுத்தபோது, அந்த வீட்டில் ஒரு ஜோடித் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க போறப்ப நாங்க மாலை போட்டோம். நீங்க எங்களுக்கு ஒரு காயிதம் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்."

அந்தத் தேத்தண்ணி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது

கிரீனுடைய கதையைப் பிறகு ஒரு நாள் படித்தபோதுதான் என் தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. அவரும் முதலில் தப்பத்தான் செய்தார். ஆனால் தன் பையன்கள் ஊரை விட்டுப் போவதைக் கண்டதும் முறையை மாற்றிக்கொண்டார். நாமும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய காரியம் ஒன்றும் வேண்டியதில்லை.

கிளைச் செயலாளராக இருந்தாலும், கோயில் தலைவராக இருந்தாலும், பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தில் இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்ததை இன்றைக்கே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் போதாது. ஒருவர் கல்யாணமாகிப் போய்விட்டால் இன்னொருவர் இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நம் பெண்பிள்ளைகள் பாரம் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. விபத்து, சம்பளம், சொக்சோ, ஈபிஎப் விவகாரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள். நோட்டு உங்கள் பையில் இருக்கக் கூடாது. கோயிலிலோ, சங்கக் கிளை அலமாரியிலோ, பத்துப் பேருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இன்றைக்குத் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர்கள் நாம் மட்டும் இல்லை. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நம் பக்கத்திலேயே குலை வெட்டுகிறார்கள். நம் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய அன்றைக்கு எப்படி விழித்தாரோ, அப்படித்தான் அவர்களும் விழிக்கிறார்கள். யார் தங்குகிறாரோ அவருக்குப் புரிகிற மொழியில் சொல் என்பதுதான் மானிப்பாய்ப் பாடம் என்றால், மலாயில் எழுதிய அந்தப் பக்கத்தை அவர்களிடமும் காட்டுவதுதான் முறை.

போகிறவர்களை நான் தடுக்கவில்லை. தோட்டத்தை விட்டுப் போய்ப் பிள்ளைகள் நன்றாக வாழட்டும். ஆனால் லாரி வருவதற்கு முந்தின மூன்று நாளில் ஒரு சாயங்காலத்தை மட்டும் ஒதுக்குங்கள். பாத்திரம் கட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இங்க வா, இது இப்படி" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். கிணற்று மோட்டாரைத் திருத்துவதோ, காவடி கட்டுவதோ, பாரம் எழுதுவதோ, எதுவானாலும் சரி.

போன மாதம் கலும்பாங் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். குலை வெட்டும்போது காலில் அடிபட்ட ஒருவரின் கேஸ் விஷயமாக அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். போனால், காரியம் முடிந்திருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் நோட்டைப் பார்த்துப் பாரம் எழுதி, சாட்சியிடம் கையெழுத்து வாங்கி, ஆபீசில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையும் வாங்கி வைத்திருந்தார்கள். ஒருத்தி, மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாவின் மகள்.

"நீங்க வர வேண்டிய அவசியமே இல்லியே மாமா" என்றாள்.

எனக்கு யாரும் மாலை போடவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். இந்தத் தடவை அது தொண்டையில் நிற்கவில்லை.